மூன்றாவது ஆள் வாங்கித் தந்த கோப்பை!

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அடிபட்டவர்களும் காத்திருந்தவர்களும்

நாடகம் தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கிறது. ராஜபார்ட் நடிகருக்குத் தொண்டை கட்டிவிட்டது! கொட்டகை நிறைய ஜனங்கள். என்ன செய்வது? ஓரமாக நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்த சின்ன நடிகரின் தலையில் மகுடத்தை வைத்து, மேடையில் ஏற்றிவிடுவார்கள். அவர் தேறினால் நாடகம் பிழைக்கும். தடுமாறினால் எல்லோர் உழைப்பும் வீண்!

அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கால்பந்துப் பந்தயங்களில் இதே கதை ஆண்டுதோறும் நடக்கிறது.

இது வேறு கால்பந்து

கால்பந்து என்றதும் நம் ஊர் ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பந்து வைத்திருப்பவர் மேல் எதிரிகள் பாய்ந்து கீழே தள்ளுவார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்விட்டால் 6 புள்ளி. அதற்கு 'டச்டவுன்' என்று பெயர்.

தலைக்கும் தோளுக்கும் கவசம் உண்டு. அப்படியும் எலும்பு முறிகிறது, முழங்கால் பிசகுகிறது.

களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் இறங்குவார்கள். அவர்களில் முக்கியமானவர் 'குவார்ட்டர்பேக்'. பந்து பெரும்பாலும் முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்யவேண்டும். வண்டிக்கு அச்சாணி எப்படியோ, கோஷ்டிக்கு அவர் அப்படி!

அச்சாணி முறிந்தால்?

முதல் அடி, இரண்டாவது அடி

2014-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகக் கோஷ்டி பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதன் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் பெயர் பெற்ற வீரர். பந்தயங்கள் தொடங்குவதற்கு முன்பே, பயிற்சியில் அவருடைய தோள் மீண்டும் பழுதுபட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆட முடியாது என்று ஆகிவிட்டது.

அவர் இடத்துக்கு ஜே.டி.பாரெட் என்ற இளம் மாணவர் வந்தார். இரண்டாவது பந்தயத்திலேயே வர்ஜீனியா டெக் கோஷ்டியிடம், சொந்த ஊர் மைதானத்தில், 21-35 என்று ஒகையோ தோற்றது. "இந்த ஆண்டு அவ்வளவுதான்" என்று பலர் கைகழுவிவிட்டார்கள்.

ஆனால் பாரெட் கற்றுக்கொண்டார். அதன்பின் தோல்வியே இல்லை! எறிந்தும் ஓடியும் அந்த ஆண்டில் அவர் பங்கு கொண்ட டச்டவுன்கள் 45.

நவம்பர் 29-ந் தேதி, பரம வைரியான மிச்சிகன் கோஷ்டியுடன் பந்தயம். ஒகையோ வென்றது. ஆனால் கடைசிக் கால் பகுதி ஆட்டத்தில் பாரெட்டின் கணுக்கால் எலும்பு முறிந்தது. அவரை வண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

இரண்டு அச்சாணிகள் போய்விட்டன!

மூன்றாவது ஆள்

மிஞ்சியவர் கார்டேல் ஜோன்ஸ். நல்ல உயரம், கனத்த உடம்பு, நெடுந்தூரம் எறியும் கை. ஆனால் அதுவரை ஒரு பந்தயத்தையும் அவர் முதல் ஆளாகத் தொடங்கியது கிடையாது.

ரிசர்வ் ஆட்டக்காரரின் கஷ்டம் இதுதான். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி முதல் ஆளுக்கே போகும். மூன்றாவது ஆள் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே பாடம் படிக்கவேண்டும். பாடம் படித்தும், மேடை ஏறுவோமா என்பது நிச்சயம் இல்லை. ஆனால் எந்த நிமிஷமும் கூப்பிடலாம்!

ஒரே வாரம்தான் அவகாசம். டிசம்பர் 6-ந் தேதி விஸ்கான்சின் கோஷ்டியை எதிர்த்து ஜோன்ஸ் இறங்கினார். முடிவு என்ன தெரியுமா? 59-0! விஸ்கான்சினுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

2015-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, முதலிடத்தில் இருந்த அலபாமாவுடன் மோதல். ஒரு கட்டத்தில் 6-21 என்று பின்தங்கிய ஒகையோ, 42-35 என்று ஜெயித்தது. ஜனவரி 12-ந் தேதி இறுதிப் பந்தயம். ஆரிகான் கோஷ்டியை 42-20 என்று முறியடித்துக் கோப்பையைத் தூக்கியது!

மூன்றாவது ஆள் தொடங்கிய பந்தயங்கள் மூன்று. மூன்றிலும் வெற்றி!

ஒருவர் மட்டும் அல்ல

இது ஜோன்ஸ் ஒருவரின் வெற்றியா? அல்ல. புதியவர் வந்ததும் மற்றவர்கள் பாரத்தைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். எசிகீல் எலியட் என்ற ஓட்டக்காரர் இறுதிப் பந்தயத்தில் மட்டும் 246 கஜம் ஓடி, 4 டச்டவுன் எடுத்தார். தடுப்பு வரிசையினர் விஸ்கான்சினை ஒரு புள்ளியும் எடுக்க விடவில்லை. பயிற்சியாளர் அர்பன் மெயரின் குழுவினர் ஜோன்ஸின் கைக்கு ஏற்றபடி தூர எறிகளைப் பயன்படுத்தினார்கள். சட்டையை ஆளுக்குத் தக்கபடி தைத்தார்கள் என்று சொல்லலாம்.

வென்றும் கிடைக்காத வாய்ப்பு

எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிப்பதில்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள்.

2023-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, அந்தக் கோஷ்டியின் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. இரண்டாவது ஆளான டேட் ரோட்மேக்கர் அடுத்த பந்தயத்தை வென்று கொடுத்தார். ஆனால் அவருக்கும் தலையில் அடி! மூளை அதிர்ச்சி கண்டவரை டாக்டர் அனுமதி இல்லாமல் மறுபடி களத்தில் இறக்கக்கூடாது. ஆகவே மூன்றாவது ஆளாக, முதலாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். டிசம்பர் 2-ந் தேதி லூயிவில் கோஷ்டியை 16-6 என்று ஜெயித்தார்கள்.

13 பந்தயம், 13 வெற்றி! ஆனாலும் பட்டத்துக்கு மோதும் 4 கோஷ்டிகளில் அவர்களுக்கு இடம் இல்லை. ஐந்தாவது இடத்தில் வைத்துவிட்டார்கள். "டிராவிஸ் இல்லாத கோஷ்டி பழைய கோஷ்டி அல்ல" என்பது தேர்வுக் குழு சொன்ன காரணம். ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நாலாவது இடம் கிடைத்தது.

கால் முறிந்த டிராவிஸ் என்ன சொன்னார் தெரியுமா? தன் கால் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா, மற்றவர்களின் திறமையை எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று வருந்தினார். அவர் தன் வலியைச் சொல்லவில்லை. தோழர்களின் ஏமாற்றத்தைத்தான் சொன்னார்!

அடுத்த ஆண்டு முதல், பட்டத்துக்கு மோதும் கோஷ்டிகளின் எண்ணிக்கை 12 ஆனது. இந்த ஏற்பாடு முன்பே முடிவானதுதான். ஆனால் புளோரிடா மாணவர்களுக்கு அது ஓர் ஆண்டு தாமதம்.

இடம் இழந்தவர் திரும்பினார்

அலபாமாவில் ஜேலன் ஹர்ட்ஸ் என்று ஒரு குவார்ட்டர்பேக் இருந்தார். 2018-ம் ஆண்டு ஜனவரியில், ஜார்ஜியாவுடன் நடந்த இறுதிப் பந்தயத்தின் பாதியில் அவரை உட்காரவைத்துவிட்டு, துவா டாகோவைலோவா என்ற இளைஞரை இறக்கினார்கள். கோப்பை கிடைத்தது. ஹர்ட்ஸின் இடம் போனது!

அவர் கோபித்துக்கொண்டு உடனே வேறு கல்லூரிக்குப் போய்விடவில்லை. ரிசர்வில் இருந்தபடியே பயிற்சி செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, அதே மைதானம், அதே ஜார்ஜியா. இந்தத் தடவை துவாவுக்குக் கணுக்காலில் அடி. ஹர்ட்ஸ் இறங்கினார். பின்தங்கியிருந்த கோஷ்டியை 35-28 என்று ஜெயிக்கவைத்தார். வெற்றி தந்த கடைசி டச்டவுனை அவரே ஓடி எடுத்தார்!

அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ஒகையோவின் மில்லர் மறு ஆண்டு திரும்பி வந்தார். முன்போல் பந்து எறியாமல், பிறர் எறியும் பந்தைப் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். பாரெட்டும் குணமடைந்து மீண்டும் களம் இறங்கினார். ஜோன்ஸ் 2017-ம் ஆண்டில் தம் படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக் கோஷ்டியில் ரிசர்வ் ஆட்டக்காரனாக இருக்கிறானா? "சும்மா உட்காரத்தானே போகிறாய்?" என்று கேட்காதீர்கள். பயிற்சிக்குத் தவறாமல் அனுப்புங்கள். அவனுக்கு அடிபட்டிருந்தாலோ, டாக்டர் சரி என்று சொல்லும்வரை களத்துக்கு அனுப்பாதீர்கள். அதுவரை ஆடுவதற்கு இன்னொரு பிள்ளை தயாராக இருக்கிறான்!