இளையோர் வலையமைப்பு எப்படி இயங்குகிறது? அப்பச்சட்டி சொல்லும் விளக்கம்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாலையில் அப்பம் சுடும் கடை முன்னால் சற்று நேரம் நின்று பாருங்கள். சட்டியில் நடப்பது சிறிய வேலைதான். ஓர் அகப்பை மா, சட்டியின் காதுகளைப் பிடித்து ஒரு சுற்று, மேலே மூடி. சில நிமிடத்தில் அப்பம் வந்துவிடும். பெரிய வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. அரிசியை ஊறப் போட்டு, இடித்து, கரைத்து, இரவு முழுக்கப் புளிக்க வைத்தவரின் கைதான் இப்போது தட்டில் தெரிகிறது. ஒரு கல்விச் சங்கத்துக்குள் மாணவருக்கும் இளம் ஆய்வாளருக்குமான வலையமைப்பு எப்படி இயங்குகிறது, ஏன் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலேயே படுத்துவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் குசினி போதும்.

முதலில் சங்கங்களைப் பார்ப்போம். கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் மட்டும் மூன்று மூத்த அமைப்புகள் இருக்கின்றன. இலங்கை மருத்துவச் சங்கத்தின் வேர் 1887இல் இருக்கிறது. பொறியியலாளர் நிறுவனம் 1906இல் இலங்கைப் பொறியியல் சங்கமாகத் தொடங்கியது. விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944இல் பிறந்தது. ஆண்டு அமர்வு, ஆய்வுச் சுருக்கங்கள், துறைவாரிக் குழுக்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று அவற்றின் நடைமுறை உறுதியாக நிற்கிறது. ஆனால் பேராசிரியர்களும் விசேட வைத்திய நிபுணர்களும் தலைமைப் பொறியியலாளர்களும் நிரம்பிய அறைக்குள் இறுதியாண்டு மாணவி ஒருத்தி தனியே நுழைவது எளிதல்ல. அவளுடைய முதல் ஆய்வுச் சுருக்கத்தை யார் படித்துத் திருத்துவது? மேற்படிப்புக்கு யாரிடம் கேட்பது? தற்காலிக விரிவுரையாளர் பதவி முடிந்தபின் எங்கே போவது? இந்தக் கேள்விகளுக்குத்தான் வலையமைப்பு. பொறியியலாளர் நிறுவனத்தில் இதற்கென்றே இளம் உறுப்பினர் பிரிவு இருக்கிறது.

இனி மாவுக்கு வருவோம். அனுபவமுள்ள வீட்டில், புளித்த மா முழுவதையும் சுட்டுத் தீர்க்க மாட்டார்கள். ஓர் அகப்பையை எடுத்து வைப்பார்கள். நாளைய மாவில் அதைக் கலந்தால் புளிப்பு தானாக ஏறும். இளையோர் வலையமைப்பின் உயிர்நாடி இதுதான். அதன் உறுப்பினர்கள் போய்க்கொண்டே இருப்பவர்கள். மாணவர் பட்டம் பெற்றுப் போகிறார். தற்காலிக விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடிகிறது. தகுதிகாண் காலத்து விரிவுரையாளர் கலாநிதிப் பட்டத்துக்கு மெல்பேர்னுக்கோ ரொறன்ரோவுக்கோ விமானம் ஏறுகிறார். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தப் போக்கு இன்னும் வேகம் பிடித்தது. அப்படியிருக்க, ஒரே பொதுக்கூட்டத்தில் பழைய குழு மொத்தமாக எழுந்து போய்ப் புதிய குழு மொத்தமாக உட்கார்ந்தால், புதியவர்களுக்குக் கடவுச்சொல்லும் தெரியாது, சென்ற ஆண்டு மண்டபத்துக்கு யாரிடம் பேசினோம் என்பதும் தெரியாது, உரையாற்ற ஒப்புக்கொண்ட பேராசிரியரின் பெயரும் தெரியாது. வெறும் மாவில் தொடங்குகிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. குழுவில் பாதிப்பேரை இந்த ஆண்டும் மீதிப்பேரை அடுத்த ஆண்டும் தெரிவு செய்யுங்கள். போகிற செயலாளர், வருகிறவருக்குப் பக்கத்தில் மூன்று நான்கு மாதம் உட்காரட்டும். கைமாற்றுக் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். 2010இல் தொடங்கிய உலக இளம் அறிஞர் கழகம் உறுப்பினர் தொகையை 200 என்று வரையறுத்து, ஒவ்வொருவருக்கும் 5 ஆண்டுதான் என்று வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சிலர் போவார்கள், சிலர் வருவார்கள். கலயம் ஒருபோதும் காலியாவதில்லை. மின், மின்னணுப் பொறியியலாளர்களின் உலக அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. வேறு வழி பிடித்தது. மாணவ உறுப்பினர் பட்டம் பெற்றதும் அதன் இளம் தொழில்வல்லுநர் பிரிவுக்குத் தானாகவே வந்துவிடுகிறார். முதல் பட்டத்திலிருந்து 15 ஆண்டு வரை அங்கே இருக்கலாம். புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. மாணவராக இருந்தவர் நழுவிப் போகும் இடைவெளியை அது அடைத்துவிடுகிறது.

எடுத்து வைத்த மாவையே நாட்கணக்கில் வைத்திருந்தாலும் கெட்டுவிடும். நாற்பத்தைந்து வயதிலும் 'இளையோர் பிரதிநிதி'யாக ஒருவர் தொடர்வதை நம் சங்கங்களில் பார்க்கிறோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் எழும்பாதவரை அந்தக் கதிரையில் ஒரு மாணவி உட்கார முடியாது. பதவிக்காலத்தை யாப்பில் எழுதிவிட வேண்டும்.

தேங்காய்ப் பால் பற்றியும் ஒரு வார்த்தை. மா பொங்கிய பிறகுதான் பால் விடுவார்கள். நம்மவர்கள் முதலில் இலச்சினை, தொடக்க விழா, பிரதம விருந்தினர் என்று பாலை ஊற்றிவிட்டுப் பிறகு உறுப்பினரைத் தேடுகிறார்கள்.

அடுத்தது நெருப்பு. பழைய அப்பச்சட்டிக்கு அடியிலும் அனல் வேண்டும், மூடியின் மேலே சிரட்டைத் தணலும் வேண்டும். அடி நெருப்பு மட்டும் இருந்தால் கரை கருகும், நடு வேகாது. இளையோரின் உற்சாகம் அடி நெருப்பு. தாய்ச் சங்கத்தின் ஆதரவு மேல் தணல். அந்தத் தணல் என்பது வாழ்த்துரை அல்ல: ஆட்சிக்குழுவில் வாக்குரிமையுள்ள இடம், வரவுசெலவில் ஒரு வரி, ஆண்டு அமர்வில் இளையோரே நடத்தும் ஓர் அமர்வு. நம் பல்கலைக்கழக மன்றங்களில் மாணவப் பொருளாளருக்கு மேலே ஆசிரியர் ஒருவர் பெரும்பொருளாளராக இருக்கிறார். பணத்துக்குப் பொறுப்பு அவருடையது, திட்டம் மாணவருடையது. இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேல் தணலை அள்ளிக் கொட்டினால் அப்பம் கருகிவிடும். பதிவு மேசை, பெயரட்டை, தேநீர் என்று சம்பளமில்லாத வேலைக்கு மட்டும் இளையோரைக் கூப்பிட்டுவிட்டு, முடிவெடுக்கும் அறைக் கதவைச் சாத்துவது அநியாயம். அதற்கு வலையமைப்பு என்று பெயர் வைப்பது இன்னும் பெரிய அநியாயம்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் நேரம். தமிழருக்கு இது நன்றாகத் தெரிய வேண்டிய பாடம். 1964 ஜனவரியில், புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. ஆரம்பத்திலேயே முன்னால் நின்ற செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபிலுக்கு அப்போது 36 வயது, மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியமும் நாற்பதைத் தொடாதவர். இன்றைய அளவுகோலில் அவர்களே இளம் ஆய்வாளர்கள். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம் என்று மாநாடுகள் நடந்தன. பிறகு இடைவெளிகள் நீண்டன. எட்டாவது மாநாடு 1995இல் தஞ்சாவூரில் நடந்தது. 2009இல் தமிழ்நாட்டு அரசு அடுத்ததைச் சில மாதங்களில் கோவையில் நடத்த விரும்பியபோது, மன்றத் தலைவர் நொபொரு கராஷிமா ஆய்வு மாநாட்டுக்கு அந்த அவகாசம் போதாது என்றார். 2010 ஜூனில் செம்மொழி மாநாடு என்ற பெயரில் அரசு தன் விழாவை நடத்தியது. கராஷிமா பதவி விலகினார். அவர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். புளிக்காத மாவை விழா நாளுக்காகச் சட்டியில் ஊற்ற முடியாது. ஆனால் ஒன்பதாவது மாநாடு கோலாலம்பூரில் கூடியது 2015இல்தான். தஞ்சாவூரில் 25 வயதில் முதல் கட்டுரை வாசித்தவருக்கு அடுத்த மேடை 45இல் கிடைத்தது. அந்த இருபது ஆண்டில் ஒரு தலைமுறை முழுவதும் இந்த மேடையில் ஏறாமலேயே இளமையைக் கடந்துவிட்டது. பெரிய மாநாடு தடைப்பட்டாலும் ஆண்டுதோறும் கூடக்கூடிய இளையோர் அணி எந்தக் கல்விச் சங்கத்துக்கும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

கடைசியாகச் சட்டியைச் சுற்றுதல். சுற்றாவிட்டால் மா நடுவில் கட்டியாக நிற்கும். கொழும்பில் நடக்கும் வலையமைப்புகளுக்கு இந்த ஆபத்து அதிகம். வாரநாள் மாலை நான்கு மணிக்குக் கொழும்பு 7இல் கூட்டம் வைத்தால் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் மாணவர்கள் வர முடியாது. 2020க்குப் பிறகு இணையவழிக் கூட்டம் எல்லோருக்கும் பழகிவிட்டது, அதைக் கைவிடாதீர்கள். அறிவித்தல் மூன்று மொழியிலும் போகட்டும். ஆய்வுச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் தயக்கத்தைச் சொல்லிக் கேள்வி கேட்கும் நேரம் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும்.

வடக்குக் கிழக்கிலிருந்து வந்து கொழும்பில் படிக்கும் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தை ஒழுங்கைகளில்தான் போடிங்கில் இருக்கிறார்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் அதே வெள்ளவத்தையில், 57ஆம் ஒழுங்கையில், நூலகத்தோடும் மண்டபத்தோடும் நிற்கிறது. கல்விச் சங்கங்களின் இளையோர், மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ஒத்திகை உரைகள் நடத்த இடம் கேளுங்கள். மூத்த உறுப்பினர்களிடம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஆட்சிக்குழுவில் இளையோருக்கு வாக்குரிமையோடு இரண்டு இடம் என்ற யாப்புத் திருத்தத்தை நீங்களே முன்மொழியுங்கள்.