ஒலிநாடாவும் கருவிகளின் இசைவும்

ஒரு கருவியில் பதிவு செய்தபோது கணீரென்று கேட்ட குரல், அதே கேசட்டை மற்றொரு கருவியில் இட்டு இயக்கும்போது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. நாடாவும் அதுவே; குரலும் அதுவே. அங்ஙனமாயின் இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்னை? நாடா கெட்டுவிட்டதென்று கருதி அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். பெரும்பாலும் குறை நாடாவில் இல்லை; பதித்த கருவியும் படிக்கும் கருவியும் தம்முள் ஒத்திராமையே காரணமாகும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை வெளியிட்டது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அது ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவுகள் எங்கும் ஒன்றே. எனினும், அளவு ஒன்றாயினும் அதனைக் கைக்கொள்ளும் கருவிகள் சிறிது சிறிது வேறுபடுவன. வேகம் நூற்றுக்கு 6 பங்கு மிகுந்தால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும்.

வேகத்தினும் நுட்பமானது ஒலித்தலையின் சாய்வு. ஒலித்தலையில் கண்ணுக்குப் புலனாகாத நுண்பிளவு ஒன்று உண்டு. அது நாடா செல்லும் திசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்றல் வேண்டும். வினாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலியின் அலை, நாடாவில் ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு நீளமே கொண்டது. பிளவு சாய்ந்தால், அதன் ஒரு முனை அலையின் மேட்டைத் தொடும்போது மறுமுனை பள்ளத்தைத் தொடும், ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றைத்தடப் பதிவில் தடத்தின் அகலம் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். அதில் பத்தில் ஒரு பாகைச் சாய்வே அவ்வொலியின் வலிமையை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். சகரம் போன்ற உரசொலிகளின் கூர்மை இத்தகைய உயர் அதிர்வுகளிலேயே தங்கியுள்ளது. ஆதலின் முதலில் மழுங்குவது சொல்லின் தெளிவே.

பதித்த கருவியிலேயே கேட்டால் இக்குறை தோன்றுவதில்லை. சாய்ந்த தலை எழுதியதைச் சாய்ந்த தலையே படிக்கிறதன்றோ!

இரைச்சலைத் தணிக்க 1968-இல் வந்த டால்பி-பி முறையும் இசைவை வேண்டுவதே. அது மெல்லிய உயர் ஒலிகளைப் பதியும்போது உயர்த்தி, கேட்கும்போது அதே அளவு தாழ்த்துகிறது. அவ்வாறு பதிந்ததை டால்பி இன்றிக் கேட்டால் ஒலி கூசும். டால்பி இன்றிப் பதிந்ததை அதனுடன் கேட்டால் ஒலி மங்கும். சாய்வினால் முன்னரே உயர் ஒலி குன்றியிருப்பின், டால்பி அக்குறையை மேலும் மிகுவிக்கும்.

பழைய நாடாவைக் கணினியில் படியெடுப்போர் முதலில் ஒலித்தலையைத் தூய ஆல்கஹாலால் துடைத்து உலரவிடல் வேண்டும். பின்னர் டால்பியை நிறுத்தி, இரு தடங்களையும் ஒன்றாக்கிக் கேட்டுக்கொண்டே, தலையருகிலுள்ள சாய்வுத் திருகை மிகச் சிறிதளவு முன்னும் பின்னும் திருப்புதல் வேண்டும். உரசொலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடமே அந்நாடாவுக்குரிய இடம். மறுபக்கத்தையும் தனியே சோதித்தல் நன்று. பணி முடிந்தபின், சோதனை நாடா கொண்டு தலையைப் பழைய நிலைக்குக் கொணர்தல் வேண்டும்.

பலர் கருவியில் ஒலிக்கவேண்டிய புதிய பதிவுக்கோ, செவ்வனே சரிசெய்த கருவியும், சாதாரண இரும்பு ஆக்சைடு நாடாவும், டால்பி இல்லாத பதிவுமே ஏற்றவை. 120 நிமிட நாடா மிக மெல்லியதாதலின் அதனைத் தவிர்த்தல் நலம்.

பாடங்களும் சொற்பொழிவுகளும் முதியோர் பாடல்களும் கேசட்டுகளில் உறங்குகின்றன. அவற்றை ஒருமுறை மங்கலாகப் படியெடுத்து மூலத்தை எறிந்துவிட்டால், இழந்த தெளிவு எக்கருவியாலும் மீளாது. எறியுமுன் திருகைச் சிறிது திருப்பிப் பார்த்தல், அக்குரல்களுக்கு நாம் செய்யத்தக்க எளிய கடமையாகும்.