வாட்ச் காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடலாமா?

அரை மணி நேரம் நடந்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தால், ஸ்மார்ட் வாட்ச் '180 கலோரி' என்கிறது. அந்தத் தெம்பில் கூடுதலாக இரண்டு வடை உள்ளே போகிறது. எடை குறையாமல் தவிக்கும் பலருக்குச் சிக்கல் இங்கேதான்.

வாட்ச் கலோரியை அளப்பதில்லை. நாடித்துடிப்பையும் கை அசைவையும் வைத்து, நாம் பதிந்த வயது, எடை, உயரத்தோடு சேர்த்து ஒரு உத்தேசக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். சரியாக அளக்க வேண்டுமானால் ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, இழுக்கும் ஆக்ஸிஜனையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடையும் கணக்கெடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 60 பேரை இப்படி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து, மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தது. முடிவு 2017-ல் வெளிவந்தது. நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் தேறின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவியில் பிழை 27 சதவீதம், மோசமானதில் 93!

நாடி உழைப்புக்கு மட்டுமா ஏறுகிறது? வெயிலுக்கு ஏறும், காபிக்கு ஏறும், பதற்றத்துக்கும் ஏறும். டிரெட்மில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை அசையாது. காலடிகள் கணக்கில் விட்டுப்போகும்.

உத்தேசக் கணக்குத்தான் என்றால், அதற்கு ஒரு பேனாவும் காகிதமும் போதும். 'மெட்' என்று ஒரு அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1 மெட், அதாவது கிலோவுக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. ஓரளவு வேகமான நடை சுமார் 3.5. எடை 60 கிலோ என்றால், அரை மணி நடைக்கு 105 கலோரி. அதில் 30 கலோரி, நடக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். நடையின் கணக்கில் மிஞ்சுவது 75தான். ஐந்து தேக்கரண்டி சர்க்கரையில் அது திரும்பி வந்துவிடும். இந்த மெட்டும் சராசரிதான். பருமனானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் உண்மையான செலவு இன்னும் குறையலாம்.

இதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அது செய்யும் நன்மை அந்தக் கலோரி எண்ணில் தெரியாது. போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக நடந்தோமா என்று பார்க்க வாட்ச் உதவும். ஆனால், சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அந்தக் கலோரி எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டையும் மருந்தையும் மாற்ற வேண்டாம். மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.