கிளைக்கும் சங்கிலிகள்

பாலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஒரே நீர்மம் போலத் தோன்றினும், அது நீரில் மிதக்கும் எண்ணற்ற கொழுப்புத் துளிகளின் கூட்டமே ஆகும். ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றில் நுண்துளிகளாகப் பரவி நிற்பதைப் பால்மம் என்கிறோம். ரப்பர் மரத்தில் வடியும் பாலும் ஏறத்தாழ இத்தகையதே. அதில் மிதப்பவை ரப்பர்த் துகள்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இன் தொடக்கத்தில் தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. டயர் இன்றி ஊர்தி இல்லை. ஊர்தி இன்றிப் போரும் இல்லை. மரம் செய்த வேலையைத் தொழிற்சாலையில், அதே பால் வடிவில் செய்ய வேண்டியதாயிற்று. அதற்குக் கையாண்ட கலவை எளியது. நிறை அளவில் பியூட்டாடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25 பங்கு, நீர் 180 பங்கு, சோப்பு 5 பங்கு, டோடெசைல் மெர்காப்டன் அரைப் பங்கு, பொட்டாசியம் பெர்சல்பேட் 0.3 பங்கு, வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ். சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒற்றைப்படிகளுள் முக்கால் பங்கு ரப்பராக மாறிவிடும். அந்நிலையிலேயே வினையை நிறுத்திவிடுவர். எஞ்சிய கால் பங்கை ஏன் விட்டுவிட வேண்டும்?

விடை அறிய, பால்மத்தின் உள்ளே நிகழ்வதைக் காண்போம். சோப்பு மூலக்கூறுகள் நீரில் ஒன்றுகூடி மைசெல்கள் என்னும் மிகச் சிறு திரள்களாகின்றன. நீரில் கரையும் பெர்சல்பேட் பிளந்து தனி உறுப்புகளைத் தருகிறது. இவை பெரிய ஒற்றைப்படித் துளிகளுக்குள் நுழைவது அரிது. எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த மைசெல்களுக்குள்ளேயே நுழைகின்றன. அங்குப் பலபடிச் சங்கிலி வளரத் தொடங்குகிறது. பெரிய துளிகளிலிருந்து ஒற்றைப்படி நீரின் வழியே கசிந்துவந்து அதற்கு உணவாகிறது. மைசெல் துகளாகப் பருக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு தனி அறை. இன்னொரு தனி உறுப்பு நுழையும் வரை உள்ளிருக்கும் சங்கிலி தடையின்றி நீள்கிறது. வினைவெப்பத்தை நீர் ஏற்றுக்கொள்கிறது.

இந்த அறையின் நெருக்கடியே சிக்கலுக்கும் காரணம். வகுப்பறைக் கரும்பலகையில் பலபடியை நேர்கோடாகவே வரைந்து பழகிவிட்டோம். உண்மைச் சங்கிலி அவ்வளவு ஒழுங்கானதன்று. பியூட்டாடையீனில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. பலபடியான பின்னும் அலகுக்கு ஒன்று எஞ்சுகிறது. வளரும் சங்கிலியின் முனை, வளர்ந்து முடிந்த சங்கிலியொன்றின் இரட்டைப் பிணைப்பைத் தாக்கலாம்; அல்லது அதன் அருகிலுள்ள ஹைட்ரஜனைப் பறிக்கலாம். இரண்டாம் வகையில், பறிகொடுத்த இடத்திலிருந்து புதிய கிளை முளைக்கும். ஒற்றைப்படி தீரத் தீர, வளரும் முனை பழைய சங்கிலிகளையே மிகுதியாகச் சந்திக்கிறது. கிளைகள் பெருகி, சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைந்து வலையாகின்றன. இவ்வலையே களி. அது எக்கரைப்பானிலும் கரையாது, உப்ப மட்டுமே செய்யும். உருளைகளுக்கிடையே பிசையவும் இணங்காது. முக்கால் பங்கில் வினையை நிறுத்தியது இதற்கு அஞ்சியே.

மெர்காப்டனின் பணியும் இதுவே. வளரும் சங்கிலி அதன் கந்தகத்திலுள்ள ஹைட்ரஜனைப் பெற்று வளர்ச்சியை முடித்துக்கொள்கிறது. கந்தகத் தனி உறுப்பு வேறொரு சங்கிலியைத் தொடங்குகிறது. சங்கிலிகள் குறுகுவதால் வலை உருவாவது தள்ளிப்போகிறது. பின்னர், 1940-களின் இறுதியில், வினையை 5 டிகிரியிலேயே நடத்தக் கற்றனர். அக்குளிரில் பெர்சல்பேட் போதிய வேகத்தில் பிளவதில்லை. எனவே ஹைட்ரோபெராக்சைடையும் இரும்பு உப்பையும் இணைத்துத் தனி உறுப்புகளைப் பெற்றனர். 'குளிர் ரப்பர்' எனப்பட்ட இதில் கிளைகள் குறைவு; டயர்களின் தேய்மானமும் குறைந்தது.

அஞ்சப்பட்ட கிளையே இன்று விரும்பியும் வளர்க்கப்படுகிறது. கிளைத்த பலபடி கச்சிதமாகச் சுருண்டிருப்பதால், அதே நிறையுள்ள நேர்ச்சங்கிலியைவிடக் கரைசலில் பாகுநிலை குறைவு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெரிங்டன் குழுவினர் 2000-ஆம் ஆண்டளவில் எளிய வழியொன்றை வகுத்தனர். வழக்கமான ஒற்றைப்படியுடன், இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட ஒன்றைச் சிறிதளவு சேர்ப்பர். வலையாகாதிருக்க ஈடான அளவு மெர்காப்டனையும் சேர்ப்பர். சராசரியாக ஒரு சங்கிலிக்கு ஓர் இணைப்பு மூலக்கூறுக்கும் குறைவாகவே அமைந்தால், கிளை உண்டு, களி இல்லை.

இதைப் பால்மத்தில் செய்யும்போது கூடுதல் விழிப்பு வேண்டும். நீண்ட மெர்காப்டன் நீரில் அரிதாகவே கரைவதால், துளியிலிருந்து துகளை அடையத் தாமதிக்கும். அதற்குள் துகளினுள்ளே வலை பின்னப்பட்டுவிடலாம். கரைசலில் களி தோன்றினால் கலன் முழுவதும் உறைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பால்மத்திலோ ஒவ்வொரு துகளும் தனித்தனியே களியானாலும், வெளியே அதே வெண்மையான பால்தான் தெரியும். ஆகவே சிறிது மாதிரியை எடுத்து, உலர்த்தி, டொலுவீனில் ஊறவைத்து வடிகட்டுகின்றனர். வடிகட்டியில் தங்குவது களி. கீழே இறங்குவது கிளைத்த பலபடி.