மழையிலும் காற்றிலும் இருவர் செல்லும் நெடும்பயணம்

பிரான்சின் தலைநகராகிய பாரிசிலிருந்து மேற்குக் கரையிலுள்ள பிறெஸ்ற் துறைமுகம் வரை சென்று மீளும் துவிச்சக்கரவண்டி ஓட்டம் 1891ஆம் ஆண்டு ஒரு பந்தயமாகத் தொடங்கிற்று. ஏறக்குறைய 1,200 கிலோமீற்றர் தூரத்தைச் சார்ள்ஸ் தெரோன் என்பவர் 72 மணி நேரத்துக்குள் கடந்து முதலாவதாக வந்தார். இன்று அது பந்தயமன்று. நான்காண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலோர்க்கு 90 மணி நேர எல்லை விதித்து நடத்தப்படும் பயணமாகும். 2007ஆம் ஆண்டு ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் புறப்பட்டனர். மழை ஓயவில்லை; பிறெஸ்ற் நோக்கிச் சென்றோரை மேல்காற்று எதிர்த்தது. பத்தில் மூவர் வரையில் பயணத்தை முடிக்கவில்லை. இத்தகைய வேளையில் துணையோடு செல்வதனால் விளையும் பயன் யாது?

முதலிற் காற்றை நோக்குவோம். காற்றின் தடை, வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனை அதே வேகமுள்ள எதிர்காற்று தாக்கின், தடை நான்கு மடங்காகும். அவன் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும், காற்றுக்காகச் செலவிடும் வலு முன்னையதிலும் சற்று அதிகமாகவே இருக்கும். இதனாலேயே எதிர்காற்றில் வேகத்தைக் காப்பாற்ற முயல்பவன் விரைவிற் களைக்கிறான். முன்செல்பவனை நெருங்கிப் பின்தொடர்பவனுக்கோ இத்தடையில் நான்கிலொரு பங்கு, சிலவேளை மூன்றிலொரு பங்கு குறைகின்றது. ஆகவே இருவரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முறைமாறி முன்செல்லுதல் வேண்டும். வலியவன் நெடுநேரம் முன்செல்லலாம். ஆனால் விரைந்து செல்லலாகாது. பின்னவன் விடுபட்டுப் போனால் இருவருக்கும் பயனில்லை.

பக்கக்காற்றில் மறைவு நேர்பின்னே இராது; காற்றுப்படாத பக்கமாகச் சரிந்து அமையும். சில ஆண்டுகளுக்கு முன் மார்கழி மாதத்தில் நானும் சக ஆசிரியர் ஒருவரும் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்புகையில் ஆனையிறவில் இதனை நன்கு உணர்ந்தோம். வாடைக்காற்று வலப்புறமாக வீசியது. மறைவு இடப்பின்புறத்தில் இருந்தமையால், முன்செல்பவர் தெருவின் நடுவை நாடவேண்டியதாயிற்று. லொறி வரும் ஓசை கேட்டதும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்குவோம். மறைவும் அப்போதே போய்விடும். ஏட்டிற் படித்த கணக்கு தெருவில் அவ்வளவு எளிதன்று!

மழையில் வேறொரு முரண்பாடு தோன்றும். காற்றுக்காக நெருங்குதல் நன்று. ஆயின் றிம்மைப் பற்றும் பிறேக் நனைந்தால், கட்டை முதலில் நீரைத் துடைத்த பின்னரே பிடிக்கும். இதற்குள் வண்டி சில மீற்றர் ஓடிவிடும். ஆதலின் இடைவெளியைக் கூட்டி, இறக்கம் வருமுன்பே பிறேக்கை மெல்லத் தொட்டு வைத்தல் வேண்டும். குழியைக் கண்டதும் முன்னவன் கைகாட்டுதல் கடமை. பின் மட்காட்டின் அடியில் ஒரு றப்பர்த் துண்டைத் தொங்கவிடுவதும் அத்தகையதே. அது தனக்காக அன்று. பின்வருபவனின் முகத்திற் சேறு தெறியாதிருக்கவே.

யாவற்றிலும் கொடியது குளிர். நனைந்த உடையிலிருந்து ஒரு லீற்றர் நீர் ஆவியாகுமாயின், ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் செலவாகும்; அதிற் பெரும்பங்கு உடலிலிருந்தே போகும். மிதிக்கும்போது தோன்றாத நடுக்கம் இறக்கத்திலும் ஓய்விலும் தோன்றும். விரல் வழங்காது, பேச்சுக் குழறும், அறிவும் மந்தமாகும். தனக்கு நேர்ந்த மந்தத்தை அம்மந்த அறிவைக்கொண்டே ஒருவன் அறிவது எங்ஙனம்? அதனை அயலான் காண்பான். எனவே புறப்படுமுன் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளல் நலம்: ஒருவர் நிற்போம் என்றால் மற்றவர் வாதிடலாகாது.

அன்று நாங்கள் அவ்வாறு பேசிக்கொள்ளவில்லை. இயக்கச்சி கடந்தபின் நண்பர் என் வினாக்களுக்கு "ஓம்" என்பதன்றி வேறெதுவும் கூறாதிருந்தார்; களைப்பென்றே எண்ணினேன். பளையில் ஒரு தேநீர்க் கடையில் இறங்கியபோது, சட்டைப் பையின் பொத்தானைக் கழற்ற அவராற் கூடவில்லை. நானே கழற்றிக் காசை எடுத்துக் கொடுத்தேன். மழை விட்டபின்பும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம்.