பள்ளிக்கூடத்துக்கு ஊர் வைக்கும் சீர்

முன்னால் மேளமும் நாயனமும். பின்னால் பட்டுச்சேலை கட்டிய பெண்கள், ஆளுக்கொரு தாம்பாளம். முதல் சில தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அடுத்து வருகிற தட்டுகளைப் பார்த்த பிறகுதான் இது கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டமில்லை என்பது விளங்கும்: சாக்பீஸ் பெட்டி, நோட்டுக் கட்டு, சுவர்க்கடிகாரம், ஸ்கிப்பிங் கயிறு, துடைப்பம், ஒட்டடைக்கோல். வரிசையின் கடைசியில் குட்டியானை வண்டி ஒன்று பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கண்ணாடி வைத்த பீரோவையும் சுமந்துகொண்டு ஊர்கிறது. பள்ளிக்கூட வாசலில் மாவிலைத் தோரணம். தலைமையாசிரியை சந்தனக் கிண்ணத்தோடும் பன்னீர்ச் செம்போடும் நிற்கிறார்.

கல்விச் சீர் என்று இதற்குப் பெயர். 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இந்தச் செய்தி அடிக்கடி வரத் தொடங்கியது. பிறகு கரூர், ஈரோடு என்று பரவி, இன்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இந்தப் படம் இல்லாத வாரம் குறைவு. காது குத்துக்குத் தாய்மாமன் வந்து நிற்பதுபோல, பிள்ளைகள் படிக்கிற கட்டடத்துக்கு ஊரே வந்து நிற்கிறது. மின்விசிறியின் இறக்கையிலும் பீரோவின் கதவிலும் 'உபயம்' என்று பெயர் எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதிப் பழகிய ஊர்களில் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. விசிறி சுற்றினால் சரி.

துடைப்பம்கூடச் சீராக வர வேண்டுமா என்று நகரத்துக்காரர்கள் கேட்கலாம். கணக்கைப் பார்த்தால் புரியும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பள்ளிக்குக் கிடைக்கும் ஆண்டு மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை என்றால் 25,000. கரும்பலகைக்குப் பூசும் பெயிண்ட், கழிப்பறைக் குழாய், கற்பித்தல் கருவிகள், சில்லறைப் பழுதுகள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு, தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம்.ஸ்ரீ திட்டத்தையும் ஒட்டிய தகராறில், 2024-25-ஆம் ஆண்டுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அரசாங்கங்கள் வழக்காடும் வேளையில் ஐந்தாம் வகுப்பு விசிறி ஓடவில்லையென்றால், தலைமையாசிரியர் போய் நிற்கக்கூடிய இடம் டீக்கடை பெஞ்சுதான்.

இது புதுப் பழக்கமும் அல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றியவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது செலவில் ஒரு பங்கை உள்ளூர் மக்களே ஏற்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போனார் சுந்தரவடிவேலு. அதுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் நடந்தது. முறை எளிமையானது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியர்களும் ஊராரும் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பு எழுதப்படும். யார் எதைத் தருவது என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். மாநாட்டு மேடையில் அது ஊரறிய அறிவிக்கப்படும். நிலம் கொடுத்தவர்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள், சீருடைக்குத் துணி கொடுத்தவர்கள் என்று அந்தக் காலத்துப் பள்ளிகள் பலவற்றின் கல்வெட்டுகளில் இந்தப் பெயர்களை இன்றும் காணலாம். மேடையில் நாலு பேர் முன்னால் சொன்ன வாக்கைத் தமிழன் அவ்வளவு எளிதில் திரும்பப் பெறமாட்டான் என்பது சுந்தரவடிவேலுக்குத் தெரிந்திருந்தது.

சீர் கொண்டுவந்த ஊருக்குப் பள்ளி செய்கிற பதில் மரியாதை பெரும்பாலும் அன்று மாலையே நடக்கும் ஆண்டு விழா. மைக் செட் கரகரக்க, நாடகத்தில் வசனம் மறந்த கட்டபொம்மனுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக் கொடுப்பார். முன்பெல்லாம் பிள்ளையின் திறமை அந்த மேடையோடு முடிந்துவிடும். 2022-23-இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய கலைத் திருவிழா அதை மாற்றியது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் பள்ளியில் வென்று, வட்டாரத்தில் வென்று, மாவட்டம் தாண்டி மாநில மேடைக்குப் போகலாம். வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். சிலம்பம், வில்லுப்பாட்டு, பறை எல்லாம் போட்டியில் உண்டு. பறையைச் சாவு வீட்டோடும் ஒரு தெருவோடும் மட்டும் சேர்த்துப் பார்த்துப் பழகிய ஊரில், எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் பள்ளி முற்றத்தில் அது பரிசுக்காக ஒலிக்கிறது. பட்டங்களைவிட இதைப் பெரிதாகச் சொல்லலாம்.

மே மாதத்தில் வேறொரு திருவிழா. முன்பு தேர்வு முடிவு என்றால் மாநில முதலிடம் பிடித்த பிள்ளைக்கு லட்டு ஊட்டும் அம்மாவின் படம்தான். 2017-இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதன் பிறகு பேச்சு தனிப் பிள்ளையிலிருந்து மாவட்டத்துக்கு நகர்ந்தது. நெடுங்காலம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் என்றால் விருதுநகர்தான், 2023-இலும் 97.85 சதவீதத்தோடு அந்த மாவட்டமே முதலிடம். ஆனால் அண்மை ஆண்டுகளின் சுவை வேறு பெயர்களில் இருக்கிறது. 2022-இல் பிளஸ் டூவில் முதலிடம் பெரம்பலூர். 2024-இல் பத்தாம் வகுப்பில் முதலிடம் அரியலூர். 2025-இல் பிளஸ் டூவிலும் 98.82 சதவீதத்தோடு அரியலூரே முதலிடம். பத்தாம் வகுப்பில் சிவகங்கை. பின்தங்கிய மாவட்டம் என்றே பேசப்பட்டுவந்த ஊர்கள் இவை. தேர்ச்சி விகிதம் மட்டுமே கல்வி ஆகிவிடாது என்பது ஆசிரியர்களுக்கே நன்றாகத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளையைக் கரையேற்ற அவர்கள் மாலை வகுப்பு நடத்துவதும் அதே ஊர்களில்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020-இல் சட்டமாக்கியதும், அடுத்த ஆண்டே அதைப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீட்டித்ததும் அந்த உழைப்புக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டன.

இனி, யாரும் மேடையில் பேசாத விஷயம். சீர்வரிசை நடக்கிற அதே காலையில், அதே தெருவில், மஞ்சள் நிற வேன் ஒன்று தனியார் பள்ளிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்த வேனில் ஏறும் பிள்ளைகளில் சிலரின் அப்பாக்கள் பீரோவுக்குப் பணம் கொடுத்தவர்களாகவும் இருப்பார்கள். பிறந்த ஊரின் பள்ளி நன்றாக இருக்க வேண்டும், ஆனால் தன் பிள்ளை டை கட்டிய பள்ளியில் படிக்க வேண்டும்! இதை வெறும் போலித்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. அவர்களுடைய பயம் இரண்டு: ஆங்கிலம், ஆசிரியர் எண்ணிக்கை. முதல் பயத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். இரண்டாவது பயம் நியாயமானது. கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் எடுக்க வேண்டும். அதில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் ஐந்துக்கும் ஒருவர்.

ஊர் சேர்ந்து பீரோ வாங்கிவிடலாம், ஆசிரியர் பணியிடத்தை வாங்க முடியாது. பெற்றோர் பணம் போட்டு உள்ளூர்ப் பட்டதாரிப் பெண் ஒருவரைத் தற்காலிகமாக நியமித்துக்கொள்கிற ஊர்கள் உண்டு. அவருக்கான மாதச் சம்பளத்துக்கு ஒவ்வொரு மாதமும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் ஓயாத விவாதம். 2022-இல் மாநிலம் முழுக்க இந்தக் குழுக்கள் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன; பெற்றோர் ஒருவரே தலைவர். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை திரட்ட வழி செய்தது. ஸ்மார்ட் டிவிக்கும் கட்டடத்துக்கும் பணம் தருகிறவர்கள் கிடைக்கிறார்கள். சம்பளத்துக்குத் தருகிறவர்கள் அரிது.

அதனால்தான் விவரம் தெரிந்த தலைமையாசிரியர்கள் சீர்வரிசை நாளை மாணவர் சேர்க்கையோடு இணைத்துவிடுகிறார்கள். 2024-இல் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் முதல் தேதியே தொடங்கியது, கல்விச் சீர் நடக்கும் பருவத்திலேயே. தட்டுகளை இறக்கி வைத்த கையோடு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு, தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுத வைத்து, பதிவேட்டில் பெயர் ஏற்றிவிடுவார்கள். வேனில் ஏறவிருந்த ஒன்றிரண்டு பிள்ளைகள் அன்று இந்தப் பக்கம் வந்தால் கணக்கு மாறும். 31-ஆவது பிள்ளை வந்தால் மானியம் 25,000 ரூபாயாகும். 61-ஆவது பிள்ளை வந்தால் மூன்றாவது ஆசிரியர் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதலாம்.