ஆயிரம் படம் கண்ட ஆச்சி

சினிமாவில் கதாநாயகிகள் வருவார்கள். சில வருஷம் கொடி கட்டிப் பறப்பார்கள். பிறகு கல்யாணம், குழந்தை என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் அம்மா, மாமியார், வேலைக்காரி என்று குணசித்திர வேடங்களில் வருகிறவர்களுக்கு ஓய்வே கிடையாது. அப்படி 1958 முதல் அரை நூற்றாண்டுக்கு மேல், ஆயிரத்துக்கும் அதிகமான படங்களில் நடித்தவர் நம் 'ஆச்சி' மனோரமா. அவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் கைக்குழந்தையோடு தனியே நின்ற ஒரு தாய் இருந்தாள் என்பதை இளம் தாய்மார்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. தகப்பனார் கைவிட்டுவிட, தாயார் ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து வயிற்றைக் கழுவினார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, பெண்ணும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். பன்னிரண்டு வயசில் நாடக மேடை ஏறினாள். 'மனோரமா' என்பது நாடகக்காரர்கள் வைத்த பெயர். செட்டிநாட்டுச் சீமையில் வளர்ந்ததால் பின்னாளில் 'ஆச்சி' ஆனார்.

நாடகக் குழுவில் இருந்த ஒருவரையே மணந்தார். பூபதி என்று ஒரு பிள்ளை. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே கணவர் விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு நேர்ந்தது பெண்ணுக்கும் நேர்ந்தது. வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். மனோரமாவுக்குக் கையில் தொழில் இருந்தது. கூடவே அம்மா இருந்தார். மீண்டும் மேடை ஏறினார். எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் நடித்துப் பெயர் வாங்கினார். அறிஞர் அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்திருக்கிறார்.

1958-ல் கவியரசர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம் கிடைத்தது. 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அவரை நிலைக்க வைத்தவை நகைச்சுவையும் குணசித்திரமும்தான்.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்கள்? சிவாஜியும் பத்மினியும் இருக்கும் படத்தில், ஒரு நாடகக்காரியாக வந்து நம் மனசை அள்ளிக்கொண்டு போனார். தான் பார்த்துப் பழகிய மேடை வாழ்க்கை அல்லவா அது!

1986-ல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வேலைக்காரி கண்ணம்மா. பள்ளத்தூரில் பாத்திரம் தேய்த்த கைதானே, அதனால்தான் அந்த வேடம் துளிகூடப் பொய்யாகத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றும். 1989-ல் 'புதிய பாதை'க்காக சிறந்த துணை நடிகை என்ற தேசிய விருது. 'சின்னத்தம்பி', 'சின்னக் கவுண்டர்' என்று வரிசையாக அம்மா வேடங்கள். 2002-ல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10-ல் சென்னையில், 78-வது வயதில் மறைந்தார்.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்து பாருங்கள். கம்பெனி பஸ்ஸுக்கு விடிகாலையிலேயே காத்து நிற்கிற பெண்களில் எத்தனையோ பேர் குழந்தையைப் பாட்டியிடம் விட்டு வந்த தாய்மார்கள். "புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போறாளே" என்று அவர்களைக் குறை சொல்லவும் நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். ராமாமிர்தம் அம்மாள் துணை நின்றிராவிட்டால் நமக்கு ஒரு மனோரமா கிடைத்திருப்பாரா?

அதனால் சகோதரிகளே, மகளோ மருமகளோ வேலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வாம்மா, புள்ளைய நான் பார்த்துக்கறேன்" என்று மனசார ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாள் முழுக்க அவளுக்கு அதுவே தெம்பு. சின்ன வேடம்தானே என்று ஆச்சி எதையும் தட்டிக் கழிக்கவில்லை. வீட்டில் நாம் ஏற்கும் பாட்டி வேடமும் சின்னதில்லை!